அப்பாவுக்கு ஒரு பக்கம்

கப்பலில் போய்த் திரும்பி வராத அப்பாவுக்கு மகள் அஞ்சலிப் பக்கம் ஒன்று தயாரித்தாள். கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டியதும், அவள் அடித்து வைத்திருந்த வெறும் எழுத்துகள் வலைப்பக்கமாக மாறின.

"அம்மா, ரெண்டு பக்கமும் நட்சத்திரக் குறி போட்டதுல அப்பா பேரு எவ்வளவு தடிச்ச எழுத்தா வந்திருக்கு பாரு!"

"போனவரை எதுக்குடி இப்ப உலகத்துக்கே காட்டணும்?" அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மகள் கேட்கவில்லை. தன் போன் நம்பரையும் சேர்த்துப் பக்கத்தை இணையத்தில் ஏற்றினாள்.

மறுநாள் மத்தியானம் போன் வந்தது.

"குருவி, நல்லா இருக்கியாடா?"

மகள் துள்ளி எழுந்தாள். அப்பா மட்டும்தான் அவளை அப்படிக் கூப்பிடுவார்.

"அம்மா... அப்பா குரல்மா!"

அம்மா பதறவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து போனை வாங்கினாள்.

"குழந்தைகிட்ட பேசவே மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டுத்தானே போனீங்க?"