ஐந்தாவது பிரஷ்

வம்சாவளி எழுதும் சித்தப்பா, கொள்ளுத்தாத்தாவின் கல்லறையில் ஆண்டு தெரியவில்லை என்று என் பல் பிரஷ்ஷால் தேய்த்தார். என்னைக் கேட்கவில்லை. பாசியோடு நத்தைச் சளியும் வழிந்தது. பிரஷ்ஷை அங்கேயே வீசிவிட்டு வந்தோம். அம்மா எனக்குப் புதிது வாங்கித் தந்தாள்.

மறுநாள் காலை அந்தப் பழையது குளியலறைக் குவளையில் ஈரமாக நின்றது. இழைகளில் மண்ணும் பேஸ்ட் நுரையும் ஒட்டியிருந்தன.

"நாலு பேருக்கு அஞ்சு பிரஷ் எதுக்குடி?" என்றாள் அம்மா.

"கல்லறைப் பெரியவரு பல்லு வெளக்க வந்திருப்பாரு அண்ணி. சுத்தமான மனுஷன்!" என்று சித்தப்பா சிரித்தார்.

தினமும் அதைக் குப்பையில் போட்டேன். தினமும் குவளையில் ஈரமாக நின்றது. நேற்று என் புதுப் பிரஷ்ஷைத் துணிப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

இன்று காலை பழையது காய்ந்திருந்தது. அப்பாடா என்று பெட்டியைத் திறந்தேன். என் பிரஷ் நனைந்து, நுரையும் மண்ணுமாகக் கிடந்தது.