பூப்போட்ட சுவர்

அம்மாவின் வீடியோ கால் வந்தபோது நாங்கள் கப்பலின் மேல்தட்டில் நின்று கடற்பறவைகளுக்கு பிஸ்கட் போட்டுக்கொண்டிருந்தோம்.

அம்மாவின் கணக்குப்படி நான் அப்போது விடுதி அறையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்க வேண்டும்.

சுவரை எடுடீ என்று கத்தினேன். ஒட்டடைக்கம்பு அதற்குள் பையைத் திறந்துவிட்டாள்.

ஒட்டடைக்கம்பு என் தோழி. பள்ளிக்கூடத்திலிருந்தே அந்தப் பெயர்தான். அவள் உயரத்துக்கு வேறு எதுவும் பொருந்தாது. ஆறு மாதப் படிப்புக்காக இரண்டு பேரும் சேர்ந்துதான் வெளிநாடு வந்தோம்.

சுவர் என்பது ரோஜாப்பூ போட்ட பெட்ஷீட். அம்மா கொடுத்தனுப்பியது. வந்த அன்றே விடுதிச் சுவரின் ஈரக்கறையை மறைக்க அதை மாட்டினோம். அதிலிருந்து அம்மா என்னைப் பார்ப்பதெல்லாம் அந்தப் பூவுக்கு முன்னால்தான். அதனால் நாங்கள் எங்கே போனாலும் சுவரும் மடிந்து பையில் வரும். மலைக்கு வந்தது. அருங்காட்சியகத்துக்கு வந்தது. ஒரு தடவை பொதுக் கழிப்பறைக்குக்கூட வந்தது.

வேறு என்ன செய்வது? அனுப்பும்போதே அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்.

"படிக்கப் போற பிள்ளை படிச்சிட்டு வரணும். ஊர் சுத்தணும்னா கல்யாணம் பண்ணிக்கிட்டு உன் புருஷன்கூட சுத்து."

இதைச் சொல்ல அவளுக்கு எப்படித்தான் வாய் வந்ததோ. அவள் புருஷன் அவளை அழைத்துக்கொண்டு போன மிகத் தூரமான இடம் பல் டாக்டர். அப்பா லீவு போட மாட்டார். நான் பிறந்த அன்றுகூட அரை நாள்தான் போட்டாராம். அம்மா இந்தச் சட்டத்தைப் போட்டபோதும் அவர் விரலில் இருந்த செம்பு மோதிரத்தால் மேஜையைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்றைய அழைப்பில்தான் என் உயிரே இருந்தது. அடுத்த ஆறு மாதமும் இங்கேயே படிக்கலாம் என்று கல்லூரி சொல்லிவிட்டது. அம்மாதான் இழுத்தடித்து, இன்று முடிவு சொல்கிறேன் என்றிருந்தாள். இந்த நேரத்தில் மாட்டினால் நேரே விமானம்தான். ஒட்டடைக்கம்பைத் தனியாக விட அவள் வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள். அவளும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அதுவும் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் கூப்பிடுகிறாள். இந்த அம்மாவை நம்பி ஒரு கப்பல் ஏற முடிகிறதா?

ஒட்டடைக்கம்பு பெஞ்சின் மேல் ஏறி, இரண்டு கையையும் விரித்துச் சுவரைப் பிடித்தாள். நான் அதற்கு முன்னால் உட்கார்ந்து, படித்துக் களைத்த முகத்தை வரவழைத்துக்கொண்டு போனை எடுத்தேன்.

அம்மா வழக்கம்போல நடு அறையில், கிளி போட்ட பச்சைத் திரைச்சீலைக்கு முன்னால் இருந்தாள். அங்கேதான் வெளிச்சம் நன்றாக விழும் என்பாள்.

சாப்பிட்டாயா என்றாள். ஆச்சு என்றேன். முடி ஏன் இப்படிப் பறக்கிறது என்றாள். ஹீட்டர் காற்று என்றேன்.

கப்பல் பூம் என்று ஊதியது. விடுதி மணி என்றேன். இவ்வளவு பெரிய மணியா என்று கேட்கப்போகிறாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

அவள் பக்கமும் ஒரே இரைச்சல். பக்கத்து வீட்டில் மோட்டார் ஓடுகிறதாம். கிளிகள் படபடத்தன. மின்விசிறியை வேகமாக வைத்திருக்கிறேன் என்றாள், நான் கேட்காமலே.

அப்பா எங்கே என்றேன். ஆபீசில், வேறெங்கே போவார் என்றாள்.

அந்த நேரம் பார்த்து டிக்கெட் பரிசோதகர் வந்து சேர்ந்தார். தொப்பியும் பித்தளைப் பொத்தானுமாக ஆஜானுபாகுவான ஆள். ஓரக்கண்ணால் பார்த்தேன். ஒட்டடைக்கம்பிடம் டிக்கெட் கேட்கிறார். டிக்கெட் அவள் பாக்கெட்டில் இருக்கிறது. இரண்டு கையிலும் சுவர் இருக்கிறது. என்ன ஜாடை காட்டினாளோ, அந்த மனிதர் மறுபேச்சு இல்லாமல் சுவரின் ஒரு முனையை வாங்கிக்கொண்டார். அவள் டிக்கெட்டை எடுத்துக் காட்டினாள். அவர் தலையாட்டினார். ஆனால் போகவில்லை. முனையைப் பிடித்தபடி விறைப்பாக அங்கேயே நின்றுவிட்டார். புண்ணியவான், அவர் பிள்ளைகுட்டிகள் நன்றாக இருக்கட்டும்.

நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சை ஆரம்பித்தேன். படிப்பு, எதிர்காலம், பேராசிரியர் என்னைப் புகழ்ந்தது. அம்மா பாதியிலேயே நிறுத்தினாள்.

"சரி சரி, இருந்து படிச்சிட்டே வா. எங்களுக்கு இங்க ஒரு குறையும் இல்ல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு புடவை எடுக்கவே நாலு கடை ஏறி இறங்குகிறவள். அழுகை இல்லை, தலையில் அடித்துச் சத்தியம் வாங்கவில்லை. சந்தோஷத்தில் எனக்குத்தான் கண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு அவளை நன்றாகப் பார்த்தேன். முகம் வெயிலில் கறுத்திருந்தது. ஆனால் இவ்வளவு களையாக நான் பார்த்ததே இல்லை.

அப்போது கிளிகள் மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்தன. திரைச்சீலையின் மேல் விளிம்பை நான்கு விரல்கள் அவசரமாக இழுத்துப் பிடித்தன. ஒன்றில் செம்பு மோதிரம். அதற்கு மேலே, எங்கள் நடு அறைக்குள் அடங்கவே அடங்காத வானம்.

எனக்குச் சிரிப்பை அடக்கத் தெரியவில்லை.

"அப்பா ஆபீஸ்லேருந்து வந்தா சொல்லும்மா. ரொம்ப நேரம் கையைத் தூக்கி வச்சிருக்க வேணாம், தோள்பட்டை பிடிச்சுக்கும்."

அம்மா ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். என் அம்மாவுக்கு வெட்கப்படத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"ஒட்டடைக்கம்புகிட்டயும் சொல்லு" என்றாள். "அந்தத் தொப்பிக்காரர்கிட்டயும்."