துடுப்பில் கட்டிய துண்டு

பாய்மரம் ஒடிந்து இது மூன்றாம் நாள். மாமல்லபுரத்துக் கோயில் கோபுரம் கண்ணுக்கு மறைந்து நெடுநேரமாகிறது. கட்டுமரத்தில் மண்டியிட்டிருக்கும் மாயவன், கிழிந்த தலைத்துண்டைத் துடுப்பில் கட்டித் தூக்கிப் பிடித்திருக்கிறான். அவர்கள் கரையில் ஆபத்துக்கு அதுதான் கூப்பாடு. பார்த்த கட்டுமரம் எதுவும் திரும்பாமல் போகாது. ஆனால் தூரத்தில் போவது வெள்ளைக் கப்பல். கடலோரக் காவல் படை என்று புதிதாக வந்திருக்கிறதாம். காலை வெயிலில் அது செய்யூர் உப்பளத்துக் குவியல்போலக் கண்ணைக் கூசவைக்கிறது. "அம்மாம் பெரிய கப்பலு நம்ம கந்தலுக்கு நிக்குமா மச்சான்?" என்று குப்புறக் கிடக்கும் சடையன் முனகுகிறான். அப்போது கப்பலின் உச்சிக்குச் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட நீளக் கொடி ஒன்று ஏறுகிறது. "இன்னாடா இது, துணி காயப் போடறானுங்க?" என்கிறான் மாயவன். கை கடுத்துப்போய்த் துடுப்பைத் தாழ்த்துகிறான். கொடியும் தாழ்கிறது. பதறி மறுபடி தூக்குகிறான். கொடியும் ஏறுகிறது. "சடையா, கப்பலு நம்மகிட்ட பேசிக்கினு கீதுடா!" அந்த மலை மெல்ல மூக்கைத் திருப்பி அவர்களைப் பார்த்து வருகிறது. தோளில் மூன்று தங்கப்பட்டை போட்ட அதிகாரி மேலேயிருந்து குனிந்து, "துண்ட எறக்குப்பா, பாத்துட்டோம்" என்கிறார். மாயவனுக்குக் கை இறங்கவில்லை. இறக்கினால் கப்பல் போய்விடுமோ? சடையன் தவழ்ந்து வந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறான். துண்டு இறங்குகிறது. மேலே கொடியும், அதுவரை காத்திருந்ததுபோல், இறங்குகிறது.