தூக்கத்தில் ஒரு இஞ்சி பிளேன்டி

"அப்பா தூக்கத்துல நடக்கிறாரு, கிருஷாந்தி!"

சுதேஷ் மனைவியை உலுக்கி எழுப்பிக் கிசுகிசுத்தான். இன்னும் விடியவில்லை. அம்பிட்டிய மேட்டு வீட்டின் ஜன்னல் வரைக்கும் பனி வந்து நின்றது.

"என்ன உளறுறீங்க?"

"சத்தியமா! தண்ணி குடிக்க எந்திரிச்சேன். கண்ண மூடிக்கிட்டு, கைய நீட்டிக்கிட்டு குசினியில இருந்து வர்றாரு. செவத்தத் தடவித் தடவி ரூமுக்குள்ள போய்ப் படுத்துட்டாரு."

"மாமாவா? குசினிக்கா?" கிருஷாந்தி சிரித்தே விட்டாள்.

சிரிக்காமல் என்ன செய்வாள்? ராஜலிங்கம் மாமா குசினிப் பக்கம் எட்டிப் பார்த்து மாசக்கணக்காகிறது. மருமகளோடு பேசியும்தான்.

எல்லாம் ஒரு சுவரால் வந்த வினை. கல்யாண மண்டபத்தில் மைக்கைப் பிடித்த மாமா, "எங்க குடும்ப ஒத்துமை சீனப் பெருஞ்சுவர் மாதிரி! நிலாவுல நின்னு பாத்தாலும் தெரியும்!" என்று முழங்கினார்.

மேடையில் இருந்த புதுப்பெண்ணுக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை.

"நிலாவுல இருந்து அது தெரியாது மாமா. தப்பான நம்பிக்கை."

மண்டபமே கொல்லென்று சிரித்தது. அன்றைக்கு வாயை மூடியவர்தான். "அவ நிக்கிற குசினியில நான் கால் வைக்க மாட்டேன்" என்று மகனிடம் மட்டும் சொன்னார். சாப்பாட்டைக்கூட சுதேஷ்தான் முன்னறைக்குக் கொண்டுபோக வேண்டும்.

அவளும் என்ன செய்வாள், பிறவிக் குணம்! கல்யாணமான புதிதில் ஏரிக்கரையில் வௌவால் கூட்டத்தைப் பார்த்து, "பாவம், கண்ணு தெரியாத ஜீவன்" என்று சுதேஷ் உருகினான். "அதெல்லாம் நல்லாத் தெரியும்" என்று அந்த நேரத்தையே கெடுத்தவள் அவள்.

ஆனால் வயிற்றில் பிள்ளை தங்கியதிலிருந்து அவளுக்கு ஒரே ஆசை. பிள்ளை பிறப்பதற்குள் மாமா ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும். மன்னிப்புக்கூடக் கேட்டுப் பார்த்தாள். பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார், கல்லுளிமங்கன்!

இருவரும் பூனை மாதிரி குசினிக்குப் போய்ப் பார்த்தார்கள். மூடி வைத்த கோப்பையைத் திறந்தால் ஆவி பறக்க இஞ்சி பிளேன்டி, பால் விடாத தேத்தண்ணி.

"இந்த வாரம் பூரா காலையில இத வச்சது நீங்க இல்லையா?" என்றாள் கிருஷாந்தி. மசக்கை வாந்திக்கு அந்தத் தேத்தண்ணிதான் கேட்டது.

"நானா? நீயே போட்டு வச்சிருக்கேன்னு நெனச்சேன்!"

சுதேஷ் கோப்பையை எடுத்து மோந்து பார்த்தான்.

"கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில முப்பது வருஷம் தேத்தண்ணிக் கடை வச்சிருந்தவருல்ல? கனவுல கடையத் தொறந்துட்டாரு போல" என்றான் சுதேஷ்.

"அப்ப நான் கனவுல வர்ற கஸ்டமரா?"

அந்த நினைப்பே அவளுக்கு இதமாக இருந்தது. பனிக்குள்ளே ஒரு கடை. யாருக்கென்று தெரியாமலே தேத்தண்ணி ஆற்றுகிற ஒரு மனுஷர். கோபம், சுவர், நிலா எதுவும் அந்தக் கடையில் இல்லை.

ஆனாலும் பயம் வந்தது.

"காஸ் அடுப்புங்க! நாளைக்கு எழுப்பி விட்டுருவோம்."

"ஐயோ, வேணாம்! தூக்கத்துல நடக்கிறவங்கள எழுப்பினா உயிரே போயிரும்!"

"தப்பான நம்பிக்கை. கொஞ்ச நேரம் திருதிருன்னு முழிப்பாங்க, அவ்வளவுதான். எழுப்பாம விட்டு, இடுப்புல கட்டின சாரத்துல நெருப்புப் பிடிச்சா என்ன செய்வீங்க?"

அன்றைக்குக் கிளினிக். திரும்பி வந்ததும் முன்னறையில் நின்றே சுதேஷ் சத்தம் போட்டான்.

"டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்! உன் ரத்தத்துல சீனி கூடிருச்சு. இனித் தேத்தண்ணிக்கு ஒரு கரண்டி சீனிகூடக் கெடையாது!"

மூலைக் கதிரையில் உட்கார்ந்திருந்த மாமா பேப்பரைத் தாழ்த்தக்கூட இல்லை. இரக்கமில்லாத மனுஷர் என்று நினைத்துக்கொண்டே கிருஷாந்தி உள்ளே போனாள்.

மறுநாள் விடியல். தூரத்து விகாரையில் பிரித் ஓதும் ஓசை பனியோடு பனியாக மிதந்து வந்தது. கிருஷாந்தி குசினிக் கதவோரம் ஒளிந்து நின்றாள்.

உள்ளே மாமா. கண் மூடியிருந்தது. இஞ்சியைத் தட்டிப் போட்டார். கேத்தலைச் சாய்த்தார். பழகிய கை சீனிப் போத்தலுக்குப் போனது. கரண்டி நிறைய அள்ளிக் கோப்பைக்கு மேலே கொண்டுவந்தது.

அப்படியே நின்றது.

பிறகு சீனியைப் போத்தலிலேயே திரும்பக் கொட்டி, மூடியை இறுக்கினார். ஒற்றைக் கண்ணைத் திறந்து, அடுப்பு அணைந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தார். மறுபடி மூடிக்கொண்டார்.

கிருஷாந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா, அவளுக்கே தெரியவில்லை.

மாமா கையை நீட்டிக்கொண்டு தட்டுத் தடுமாறி வெளியே வந்தார். அவளைத் தாண்டும்போது நடை கொஞ்சம் தயங்கியது.

"ஆறிரப் போகுது. குடிச்சிரும்மா."

அதைக் கேட்டு முன்னறையிலிருந்து ஓடி வந்த சுதேஷுக்குக் கால் தரையில் படவில்லை.

"பேசிட்டாரு! உன்கிட்ட பேசிட்டாரு! நீ சொன்ன மாதிரியே எழுப்பிரட்டுமா?"

தொடப் போன அவன் கையைக் கிருஷாந்தி எட்டிப் பிடித்தாள். அவள் கண் நிறைந்திருந்தது.

"வேணாங்க. தூக்கத்துல நடக்கிறவங்கள எழுப்பினா ஆபத்து!" என்றாள், மாமாவின் காதில் நன்றாக விழுகிற மாதிரி.