இடது கையின் துடிப்பு

கேஸ் அடுப்பு வெடித்து மனைவி பூங்கொடியின் இடது கை வெந்துவிட்டது என்று சொல்லித்தான் பெருந்துறை அருள்குமார் அவளைக் கோவை மருத்துவமனை ஒன்றில் சேர்த்திருந்தான். தினமும் காலையில் அந்தக் கையில் சிவப்பு ஒளியைக் காட்டி ரத்த ஓட்டத்தைக் கூட்டுவது பிசியோதெரபிஸ்ட் ஷ்ரவ்யாவின் வேலை. அப்போது இரண்டு கை விரல்களிலும் நாடி பார்க்கும் கிளிப்பை மாட்டுவாள்.

ஒன்பதாம் நாள், வலி ஊசியின் மயக்கத்தில் பூங்கொடி தூங்கிக்கொண்டிருந்தாள். அருள்குமார் உள்ளே வந்ததும் இடது கையின் துடிப்பு நூற்று முப்பதுக்கு ஏறியது. வலது கை எழுபத்திரண்டிலேயே நின்றது. ஓர் உடம்பில் இரண்டு நாடி ஓட வழியில்லை. ஷ்ரவ்யா கிளிப்புகளை மாற்றி மாட்டிப் பார்த்தாள். அப்போதும் இடது கைதான் அடித்துக்கொண்டது. அவன் டீ குடிக்கப் போனதும் அடங்கிவிட்டது.

மறுநாளும் அப்படியே நடந்தது.

"அடுப்பு எப்படிங்க வெடிச்சுது?" என்று ஷ்ரவ்யா அருள்குமாரிடம் கேட்டாள்.

"அதான் அன்னைக்கே சொல்லிப்போட்டனுங்களே. எப்பங்க ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறது?"

கருவியின் திரை இடது கைக்கு நூற்று அறுபது காட்டியது.

"இன்னும் பத்து நாள் ஆகுமுங்க" என்று பொய் சொல்லிவிட்டு, டாக்டரிடம் பேச எழுந்தாள். அவளுடைய வெள்ளைக் கோட்டை ஏதோ பிடித்து இழுத்தது.

பூங்கொடி கண் திறக்கவில்லை. வெந்த நாளிலிருந்து மடங்காமலே கிடந்த விரல்கள் ஷ்ரவ்யாவின் கோட்டு ஓரத்தை இறுகப் பிடித்திருந்தன.