மத்தியான ஃபியூஸ்

"போச்சா? போகாம என்ன செய்யும்? பொழுதன்னைக்கும் அந்த மிஷினைப் போட்டு உருட்டினா வீடே பத்திக்கும்!"

சமையலறையிலிருந்து மாமியார் ஆரம்பித்துவிட்டார். அவர் வாய்க்குப் பூட்டு இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

மருமகள் கையில் பாதி தைத்த பள்ளிச் சீருடை. விசிறி ஓடுகிறது, விளக்கு எரிகிறது. தையல் மிஷினின் பிளக்கில் மட்டும் கரன்ட் இல்லை. சில நாட்களாக மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் இதே கதைதான்.

"மிஷின்ல கோளாறுன்னா, பிரசவம் முடியற வரைக்கும் தூக்கிப் பரண்ல போட்டுடறேன்" என்று புருஷன் காலையிலேயே சொல்லிவிட்டான். கல்யாணத்துக்கு முன்பே அவள் சொந்த உழைப்பில் வாங்கிய மிஷின் அது. அவள் உடனே எலெக்ட்ரீஷியனுக்கு போன் போட்டாள்.

எலெக்ட்ரீஷியன் வந்து சேர்வதற்குள் கரன்ட் தானாக வந்துவிட்டது.

அவர் மிஷினை ஓட்டிப் பார்த்தார். கூடவே கிரைண்டரையும் போட்டார். ஒன்றும் ஆகவில்லை. மெயினை அணைத்துவிட்டு, மாடிப்படிக்குக் கீழே இருந்த பழைய ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார். பீங்கான் கட்டைகள் எல்லாவற்றிலும் தூசி. ஒன்று மட்டும் பளபளவென்று இருந்தது.

"ஃபியூஸ் போனப்ப கம்பி மாத்தினது யாரு?"

"யாரும் மாத்தலையே அண்ணா. தானா வந்துடும்."

"தானாவா? சரி, கரன்ட் போனதும் நீங்க என்னம்மா பண்ணுவீங்க?"

"வேற என்ன பண்றது? படுத்துடுவேன். அசந்து தூங்கி எழுந்தா வந்திருக்கும்."

எலெக்ட்ரீஷியன் திரும்பி மாமியாரைப் பார்த்தார். மாமியாருக்கோ திடீரென்று மூலையில் இருந்த ஒட்டடை மேல் அக்கறை வந்துவிட்டது.

"அண்ணா, மிஷின்ல ஏதாவது கோளாறுன்னா அவர் பரண்ல தூக்கிப் போட்டுடுவார்..." என்றாள் மருமகள்.

"மிஷின் தங்கமா இருக்கு. பரணுக்கெல்லாம் போக வேண்டாம்."

அப்பாடா! அவள் அப்படியே நாற்காலியில் சாய்ந்தாள். போன உயிர் திரும்பி வந்தது போல இருந்தது.

"ஆனா ஒண்ணு. லைன் பழசு. சாப்பிட்டதும் மிஷினை நிறுத்திடுங்க. மூணு மணிக்கு மேல தைங்க, ஒரு தொந்தரவும் வராது."

"மிஷினுக்கு நல்லதுன்னா கண்டிப்பா நிறுத்திடறேன் அண்ணா!"

"நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாளா?" என்று முணுமுணுத்துக்கொண்டே மாமியார் அவரை வழியனுப்ப வாசல்வரை வந்தார்.

எலெக்ட்ரீஷியன் செருப்பை மாட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, உங்க மருமக இனிமே தானாவே படுத்துக்கும். நீங்க ஃபியூஸைப் பிடுங்காதீங்க. பாத்திரம் கழுவின ஈரக்கையோட அதைத் தொட்டீங்கன்னா, பொறக்கப்போற பேரப்பிள்ளையைக் கொஞ்ச ஆள் இருக்காது."