டிரைவ் கண்டறியப்படவில்லை

"டிரைவ் கண்டறியப்படவில்லை." சிவப்பு எழுத்தில் வந்த அந்த வரி தெரியும்படி மானிட்டரை அந்த அம்மா பக்கம் திருப்பி வைத்தான் கம்ப்யூட்டர் கடைக்காரன்.

"இன்னைக்கும் இதே கதைதாம்மா. அப்டேட் ஆனதுலேருந்து இந்த பேக்கப் சாஃப்ட்வேருக்கு டிவிடி டிரைவ்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சு."

"பரவாயில்ல தம்பி, அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?" கைப்பையிலிருந்து நாலு டிஸ்க்கையும் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் அந்த அம்மா.

வியாழக்கிழமை பதினொரு மணி ஆனால் வந்துவிடுவார். இது ஒன்பதாவது வியாழன். எப்போது சரியாகும் என்று இதுவரை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இப்படி ஒரு வாடிக்கையாளர் கிடைக்க எந்தக் கடைக்காரனும் கொடுத்து வைத்திருக்க வேண்டும். இவனுக்கோ அந்தப் பொறுமையைத்தான் தாங்க முடியவில்லை.

டிஸ்க்கில் இருப்பது அவருடைய சின்ன மகள், வீட்டில் எல்லோருக்கும் 'வாலு'. பதினேழு வயதில், நாலே நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் எடுத்துத் தள்ளிய வீடியோக்கள் எல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தன. இரண்டு வருஷத்துக்கு முன் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, டிஸ்க்கில் ஏற்றித் தரச் சொன்னார். இதே சாஃப்ட்வேரில் ஏற்றிக் கொடுத்தவன் இவன்தான். அதில் ஏற்றியதை அதில்தான் திறக்க முடியும். அவற்றைப் பார்க்கும் தெம்பு அந்த அம்மாவுக்கு இப்போதுதான் வந்திருக்கிறது.

"இந்த வாரம் எந்த வீடியோம்மா? டிரைவ் கிடைச்சதும் அதை முதல்ல எடுத்துடலாம்." முதல் நாள் ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டது, அப்படியே வழக்கமாகிவிட்டது.

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. "அவங்கப்பா குறட்டைக்கு வாலு கமெண்ட்ரி சொல்லுவா பாருங்க, அது. 'இதோ மூச்சை இழுக்கிறார், இழுத்துக்கொண்டே இருக்கிறார், விடுவாரா மாட்டாரா'ன்னு. அவர் முழிச்சுக்கிட்டுத் துரத்துவார். இவ கட்டிலுக்கு அடியில பூந்துடுவா. அப்புறம் ரெண்டு நிமிஷத்துக்கு அவரோட செருப்பு மட்டும்தான் தெரியும்."

கடைக்காரன் தன்னை மறந்து சிரித்துவிட்டான். "சார் இப்ப பாத்தாலும் சிரிப்பார் இல்ல?"

"அவர்கிட்ட இதெல்லாம் பேச முடியாது தம்பி" என்றவர், அதே மூச்சில் அடுத்த வீடியோவுக்குப் போனார். ஸ்கூட்டர் பழகுகிறேன் என்று வாலு கதவை இடித்தது. இடித்தவள் வண்டியை விட்டுவிட்டுக் கதவுக்கு மன்னிப்புக் கேட்டது.

கேட்கக் கேட்க அவனுக்கு மனசு கனத்தது.

அப்டேட் கெடுத்தது என்னவோ நிஜம். கேபிளை மாற்றிப் பார்த்தான், வேறு டிரைவ் போட்டுப் பார்த்தான். நாலாவது வாரம் அந்த அம்மா டிஸ்க்குகளைக் கடையிலேயே விட்டுப் போனபோது, அப்டேட்டை நீக்கிவிட்டுப் பழைய பதிப்பையே போட்டான். டிரைவ் சமர்த்தாக வந்து நின்றது. குஷியாக முதல் டிஸ்க்கைப் போட்டான். காலி. நாலும் காலி.

அந்தச் சாஃப்ட்வேரில் 'சோதனை ஓட்டம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் போட்டால் டிஸ்க் சுற்றும், சதவீதம் ஏறும், 'முடிந்தது' என்றுகூட வரும். ஆனால் எதுவும் பதியாது. அந்த டிக்கை எடுக்க மறந்துபோய்த்தான் அன்று நாலு டிஸ்க்கையும் ஓட்டியிருக்கிறான். அதோடு விட்டானா? பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து அழித்து, விற்றுக் கொடுத்தவனும் அவனேதான்.

அன்றிலிருந்து வியாழக்கிழமை காலையில் டிரைவின் கேபிளைப் பிடுங்கி வைத்துவிடுவான். சிவப்பு எழுத்து தவறாமல் வரும். போன பெண்ணை இன்னொரு தடவை சாகடித்துவிட்டோம் என்கிற நினைப்பில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று இதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

"அம்மா." எழுந்து நின்றுகொண்டான். "டிரைவ் நல்லாத்தாம்மா இருக்கு. அஞ்சு வாரமா அப்டேட் மேல பழியப் போட்டு உங்கள ஏமாத்திட்டு இருக்கேன். இந்த டிஸ்க்ல உங்க பொண்ணு இல்லம்மா. அன்னைக்கு நான் சரியா ஏத்தல. எல்லாம் போச்சு."

ஓர் அறை விழும் என்று நினைத்தான். விழுந்திருந்தால் அவனுக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அந்த அம்மாவோ டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகக் கைக்குட்டையால் துடைத்து உறையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியும் தம்பி. போன மாசமே பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில குடுத்துப் பாத்தேன். நாலுமே எழுதாத டிஸ்க்னு சொல்லிட்டாங்க. அங்கயே உக்காந்து அழுதுட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்."



"அன்னைக்கே வந்து என்னை நாலு திட்டு திட்டியிருக்கலாமேம்மா. இல்லன்னு தெரிஞ்சுமா வாரா வாரம் ரெண்டு பஸ் மாறி வந்தீங்க?"

"திட்டிட்டா அப்புறம் இங்க வர முடியாதே தம்பி. அவளைப் பத்தி என்னைக் கேக்கற ஆளு நீங்க ஒருத்தர்தான்."